நெல்லு, அரிசி, சோறு: ஜாவா எப்படி வேலை செய்யுது?



2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. அந்தத் திட்டத்தில் அக்கா, அண்ணன்மார் வாங்கிய மடிக்கணினி இன்றைக்கும் பல வீட்டு பீரோவுக்குள் கிடக்கு. "அது பழசுல்லா, அதுல என்ன செய்ய?" என்று சொல்லுவாங்க. புதுசு புதுசா வருகிற விளையாட்டு அதில் ஓடாது, உண்மைதான். ஆனால் ஆன் ஆகுதுன்னா, புரோகிராம் எழுதிப் பழக அது போதும். எப்படி என்று பார்ப்போம்.

நெல்லும் சோறும்

நாம் எழுதுகிற புரோகிராம் நெல்லு மாதிரி. கணினியால் அதை அப்படியே சாப்பிட முடியாது. சி பிளஸ் பிளஸ் மொழியின் கம்பைலர் நேரே சோறாகவே பொங்கிக் கொடுத்திடும். அந்தச் சோறு அந்த வகைக் கணினிக்கு மட்டும்தான் ஆகும். வேறு வகைக் கணினி என்றால் திரும்ப முதலிலிருந்து பொங்கணும்.

ஜாவா மொழியில் வேற வழி. 'ஜாவாசி' என்கிற கம்பைலர் ரைஸ்மில் மாதிரி. நெல்லை அரைத்து அரிசியாக்கித் தரும். அந்த அரிசிக்குப் பெயர் 'பைட்கோடு'. அரிசியை விறகு அடுப்பிலும் பொங்கலாம், கேஸ் அடுப்பிலும் பொங்கலாம், கரண்ட் அடுப்பிலும் பொங்கலாம். ஒவ்வொரு கணினியிலும் பொங்குகிற வேலையைச் செய்வது 'ஜாவா மெய்நிகர் எந்திரம்'. மெய்நிகர் என்றால், உண்மையில் இரும்பாலே செய்த எந்திரம் இல்லை, எந்திரம் மாதிரி நடந்துகொள்கிற ஒரு மென்பொருள் என்று அர்த்தம்.

ஏன் இப்படிச் செய்தாங்க? 1991-இல் அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில் ஜேம்ஸ் காஸ்லிங் குழுவினர் டி.வி. போன்ற வீட்டுச் சாதனங்களுக்காக ஒரு மொழி உருவாக்கத் தொடங்கினாங்க. ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் வேறுவேறு சிப் இருக்கும். எல்லாத்துக்கும் தனித்தனியா எழுத முடியுமா? அதனால்தான் ஒரு பொதுவான அரிசி வேண்டியிருந்தது. முதலில் 'ஓக்' என்று பெயர் வைத்து, பிறகு 'ஜாவா' என்று மாற்றி, 1995-இல் உலகத்துக்கு வெளியிட்டாங்க.

செய்து பார்ப்போம்

ஜே.டி.கே. என்கிற தொகுப்பு கணினியில் இருக்கணும். இலவசம்தான். ஒருமுறை பதிந்துவிட்டால் அப்புறம் இணையம் தேவையில்லை. நோட்பேடில் இதை எழுதுங்க. தமிழ், கணக்கு, மொத்தம் என்கிற மூன்று சொல்லையும் தமிழிலேயே அடிக்கலாம். மற்றதெல்லாம் ஆங்கில எழுத்தில்.

1. பப்ளிக் கிளாஸ் மார்க் {
2. பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்ட் மெயின்(ஸ்ட்ரிங்[] ஆர்க்ஸ்) {
3. இன்ட் தமிழ் = 7;
4. இன்ட் கணக்கு = 5;
5. இன்ட் மொத்தம் = தமிழ் + கணக்கு;
6. சிஸ்டம்.அவுட்.பிரின்ட்எல்என்(மொத்தம்);
7. }
8. }

(வரி எண்ணை அடிக்க வேண்டாம்.) இதை யூ.டி.எஃப்-8 முறையில் 'மார்க்.ஜாவா' என்று சேமிக்கணும். கிளாஸ் பெயரும் கோப்பின் பெயரும் ஒன்றாக இருக்கணும். பெரிய எழுத்து, சின்ன எழுத்துகூட மாறக் கூடாது.

இப்போது கறுப்புத் திரையைத் திறந்து, கோப்பு இருக்கிற ஃபோல்டருக்குள் போய், இப்படி அடிங்க (ஜே, ஏ, வி, ஏ, சி என்று சேர்த்து):

ஜாவாசி -என்கோடிங் யூ.டி.எஃப்-8 மார்க்.ஜாவா

திரையில் ஒண்ணுமே வரலையா? பயப்படாதீங்க. ஒண்ணும் சொல்லலைன்னா எல்லாம் சரின்னு அர்த்தம். ஃபோல்டரில் 'மார்க்.கிளாஸ்' என்று புதுக் கோப்பு வந்திருக்கும். அதுதான் அரிசி. இனி பொங்கணும்:

ஜாவா மார்க்

இதில் புள்ளி கிளாஸ் என்று சேர்க்கக் கூடாது. திரையில் 12 வரும்.

தப்பு வந்தால்?

நாலாவது வரியில் கடைசியில் இருக்கிற அரைப்புள்ளியை வேண்டுமென்றே எடுத்துவிட்டு மறுபடி கம்பைல் பண்ணுங்க. கோப்பின் பெயர், வரி எண் 4, என்ன குறை என்பது, தப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு கூரைக்குறி, எல்லாம் வரும். ஆங்கிலத்தில் திட்டுற மாதிரி இருக்கும். ஆனால் அது திட்டு இல்லை, விலாசம்! முதலில் வரி எண்ணைப் பாருங்க. பத்து தப்பு காட்டினாலும் முதல் தப்பை மட்டும் திருத்தி மறுபடி கம்பைல் பண்ணுங்க. பல நேரம் மீதியும் சேர்ந்தே போயிடும்.

ஒரு எச்சரிக்கை. தப்பு இருந்தால் ஜாவாசி புது அரிசி தராது. ஆனால் முன்னாடி அரைத்த பழைய கிளாஸ் கோப்பு அங்கேயே இருக்கும். அதை ஓட்டிப் பார்த்துவிட்டு "திருத்தியும் மாறலையே" என்று குழம்பக் கூடாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. 'மொ' என்ற எழுத்தில் 'ம'வோடு சேரும் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், ஜாவாசிக்கு இரண்டும் வேறு. 'மொத்தம்' எங்கே இருக்கு, காணோமே என்று சொல்லும். அதனால் எல்லா இடத்திலும் ஒரே விசைப்பலகை முறையில் அடிக்கணும்.

அரிசிக்குள் என்ன?

ஜாவாபி -சி மார்க்

என்று அடித்தால் பைட்கோடைப் பார்க்கலாம். நம்ம 3, 4, 5-ஆம் வரிகள் 8 கட்டளைகளாக மாறியிருக்கும்: 7-ஐ எடு, 1-ஆம் பெட்டியில் வை. 5-ஐ எடு, 2-ஆம் பெட்டியில் வை. 1-ஆம் பெட்டியில் உள்ளதை அடுக்கில் வை, 2-ஆம் பெட்டியில் உள்ளதை அதன்மேல் வை, இரண்டையும் கூட்டு, 3-ஆம் பெட்டியில் வை. மொத்தம் 9 பைட்தான்! 'கூட்டு' என்கிற கட்டளைக்கு உரிய எண் 96. ஒரு கட்டளைக்கு ஒரு பைட் எண் என்பதால்தான் பைட்கோடு என்று பெயர்.

கவனிச்சீங்களா? அந்தக் கட்டளைகளில் தமிழ், கணக்கு, மொத்தம் என்ற பெயரே கிடையாது. 1, 2, 3 என்ற பெட்டி எண்தான் இருக்கு. பெயர் எந்திரத்துக்காக இல்லை, படிக்கிற நமக்காக. அப்படின்னா நமக்குப் புரிகிற தமிழில் வைத்தால் என்ன குறைஞ்சு போச்சு?

பழைய அடுப்பும் புது அரிசியும்

எல்லா அடுப்பிலும் வேகும் என்று சொன்னேன். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு கிளாஸ் கோப்பின் தொடக்கத்திலும் 202, 254, 186, 190 என்று நான்கு பைட் இருக்கும். "நான் ஜாவா அரிசி" என்பதற்கான முத்திரை அது. அடுத்து பதிப்பு எண். 2014-இல் வந்த ஜாவா 8-க்கு 52. 2021-இல் வந்த ஜாவா 17-க்கு 61. (பதிப்போடு 44-ஐக் கூட்டினால் வந்துவிடும்.) பழைய அரிசி புது அடுப்பில் வேகும். புது அரிசி பழைய அடுப்பில் வேகாது. 61 எண் உள்ள கோப்பை ஜாவா 8 மட்டும் உள்ள பழைய மடிக்கணினியில் கொண்டுபோய்ப் போட்டால், "எனக்கு 52 வரைதான் தெரியும்" என்று மறுத்துவிடும்.

அப்போது கணினியைக் குறை சொல்லித் தூக்கிப் போட வேண்டாம். புதுக் கணினியில் கம்பைல் செய்யும்போதே

ஜாவாசி --ரிலீஸ் 8 -என்கோடிங் யூ.டி.எஃப்-8 மார்க்.ஜாவா

என்று அடித்தால் போதும். ஜாவா 17-இன் கம்பைலரே 52-ஆம் எண் போட்டு அரைத்துத் தரும். பென் டிரைவில் எடுத்துப் போய்ப் பழைய மடிக்கணினியில் ஓட்டினால் அதே 12 வரும்.

புதுக் கணினி வாங்கின பிறகுதான் படிக்கணும் என்று காத்திருந்தால் வருஷம்தான் போகும். நம்ம பள்ளியிலிருந்து பிளஸ் ஒன் போய்க் கணினி அறிவியல் எடுப்பவர்கள் முதலில் சி பிளஸ் பிளஸ், அடுத்த வருஷம் பைதான் படிப்பாங்க. பைதானும் உள்ளுக்குள் பைட்கோடாக மாற்றித்தான் ஓட்டுது. இப்போதே நெல்லு, அரிசி, சோறு வித்தியாசம் தெரிந்தால் அப்போது பயமிருக்காது.

வீட்டில் செய்து பார்க்க:
1. கூட்டலை மாற்றிக் கழித்தல் போடுங்க. ஜாவாபியில் எந்த வரி மாறுது?
2. ஜாவா 21-இன் கிளாஸ் கோப்பில் பதிப்பு எண் என்ன வரும்?

விடை தெரிந்தவர்கள் இந்தத் தாளுக்குக் கீழே எழுதி ஒட்டுங்க. பீரோவில் தூங்குகிற மடிக்கணினியை முதலில் எழுப்புங்க!

— 9-ஆம் வகுப்பு மாணவி
சிவகிரி