ஸ்பாரிங்கில் பலத்த அடியா? அடுத்த இரண்டு நாள் கவனம்!

கொரட்டூரில் மாலை பாக்ஸிங் பழகிவிட்டு முகம் வீங்கி வீடு திரும்புகிறவர்களுக்கு:

1. தலையில் அடி பட்டிருந்தால் பைக் ஓட்டாதீர்கள், துணையோடு போங்கள். எலெக்ட்ரிக் ட்ரெயினில் கதவோரம் நிற்கவே வேண்டாம். தலைசுற்றல் தாமதமாகவும் வரும்.

2. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, கேட்டதையே மறுபடி கேட்பது, ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மண்டைக்குள் ரத்தக் கசிவு மெல்லவும் கூடலாம். அன்றிரவு தனியாகப் படுக்காதீர்கள்.

3. வீக்கத்துக்கு ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். தைலம் தேய்த்து உருவுவதும் வெந்நீர் ஒத்தடமும் வீக்கத்தைக் கூட்டும்.

4. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டாம். ரத்தக் கசிவை அதிகமாக்கலாம்.

5. மூக்கில் ரத்தம் வந்தால் முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அண்ணாந்தால் தொண்டைக்குள் இறங்கும்.

6. தலை தெளிந்ததும், எந்த அடி எப்போது விழுந்தது என்று நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலும் ஜாப் போட்ட கை தாடைக்குத் திரும்பாமல் மார்புக்கு இறங்கியிருக்கும். எதிராளியின் வலது கை அந்தச் சந்தில்தான் புகும். கையைத் தாடைக்குத் திருப்புவதை மட்டும் கோச்சிடம் மெதுவாகப் பழகுங்கள்.

7. தலைவலி முழுக்கப் போய், டாக்டர் சரி என்ற பிறகே மீண்டும் ஸ்பாரிங். அமெச்சூர் விதிப்படி, தலையில் அடிபட்டு நாக்-அவுட் ஆனவர் குறைந்தது 30 நாள் ரிங்கில் ஏறக் கூடாது. அதற்குள் யார் கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள்.