இரண்டு நாளுக்குத் தரங்கம்பாடி

கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. மனைவியோடு சனி, ஞாயிறு மட்டும் ஒரு பழைய கடலோர ஊருக்குப் போக ஆசை. மாமல்லபுரம், புதுச்சேரி கூட்டம் வேண்டாம். வேறு எங்கே போகலாம்?
– ஒரு வாசகர், திருச்சி

தரங்கம்பாடிக்குப் போங்கள். மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து பஸ்.

ஊரின் அழகு பெரும்பாலும் ஒரே தெருவில் இருக்கிறது. 1792-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய நகர வாசலில் நுழைந்து ராஜ வீதியில் நேரே நடந்தால் 1701-ன் சீயோன் தேவாலயம், 1718-ல் மதபோதகர் சீகன்பால்கு எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம், கடைசியில் கடலைப் பார்த்தபடி டேன்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டியது. மிளகு வியாபாரத்துக்கு வந்தவர்கள் 1845-ல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். கோட்டைக்குள் அருங்காட்சியகம் உண்டு; வெயில் ஏறும் நேரத்தை அங்கே கழியுங்கள். மாலையில் மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் நடக்கலாம். 1306-ல் பாண்டியர் காலத்தில் எழுந்த அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ விழுங்கிவிட்டது.

கடற்கரையிலேயே ஒரு பழைய பங்களா ஹோட்டலாக நடக்கிறது. அறைகள் குறைவு, முன்பதிவு செய்யாமல் கிளம்பாதீர்கள்.

ஞாயிறு காலை பக்கத்திலேயே திருக்கடையூர். மணிவிழாவுக்கும் சதாபிஷேகத்துக்கும் மாலையும் கழுத்துமாகத் தம்பதிகள் வரிசையில் நிற்பார்கள். அரை நூற்றாண்டு சண்டை போட்டும் பிரியாதவர்கள். ஒரு வருட அனுபவசாலிகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி வகுப்பு ஏது?

தரங்கம்பாடியில் ஓட்டல்கள் அதிகமில்லை. வகைவகையாகச் சாப்பிட வேண்டுமென்றால் தெற்கே காரைக்காலுக்கு பஸ் ஏறிவிடுங்கள்.