உறவு முறிந்தால் ஆங்கிலத்தில் எந்தச் சொல்? தீவகத்தவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்குப் போகும் சத்தியக்கடதாசி, வெளிநாட்டுக் குடிவரவு அலுவலகத்துக்கு எழுதும் விளக்கக் கடிதம், கொழும்புச் சட்டத்தரணிக்கு அனுப்பும் குறிப்பு. தீவகத்தில் ஒரு வீட்டு மனக்கசப்பு ஆங்கிலமாவது பெரும்பாலும் இப்படியான தாள்களில்தான். எழுதிக் கொடுப்பது ஆங்கிலம் படிக்கும் ஒரு பிள்ளையாக இருக்கும். பிள்ளை அகராதியில் 'துரோகம்' என்று தேடி, முதலில் கிடைத்த 'பிட்ரேயல்' என்பதைப் போட்டுவிடும். காணிச் சண்டையில் கதைக்காமல் இருக்கும் அண்ணன், அந்த ஒரு சொல்லோடு தம்பியைக் காட்டிக்கொடுத்தவன் ஆகிவிடுகிறான். கையெழுத்து விழுந்த பிறகு அதைத் திருப்பி எடுப்பது பெரும்பாடு. இந்த வழிகாட்டி அந்தப் பிள்ளைக்காக எழுதப்பட்டது.

படி 1: ஊர்ப் பேச்சை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்

அகராதியைப் பிறகு திறக்கலாம். முதலில், வந்தவர் சொன்னதை அவர் வாய்ச்சொல்லாகவே தாளில் இறக்குங்கள். 'அவையோட எங்களுக்குப் போக்குவரத்தில்லை', 'சொல்லு மாறிட்டினம்', 'விட்டிட்டுப் போட்டார்', 'நம்பவைச்சுக் கழுத்தறுத்திட்டான்', 'உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்திட்டான்'. ஐந்தும் ஐந்து குற்றச்சாட்டுகள். முதலாவது குற்றச்சாட்டே இல்லை என்றும் சொல்லலாம்.

பிறகு கேளுங்கள்: அறுந்தது எந்த உறவு, தாலியா, இரத்தமா, நட்பா, பண நம்பிக்கையா? நடந்தது மறைவிலா, முகத்துக்கு நேரேயா? திரும்பி ஒட்ட வழி இருக்கிறதா? பதிலை வைத்துக்கொண்டு அகராதிக்குப் போகலாம். வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி 1862இல் சென்னையில் அச்சானாலும், அதன் வேலை தொடங்கியது யாழ்ப்பாணத்து மிஷனரிகளிடம். 67,000க்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்த நூலை இன்று இணையத்தில் இலவசமாகப் புரட்டலாம்.

படி 2: விலகலைத் துரோகமாக்காதீர்கள்

'அண்ணாவோட கோவம்' என்று நம்மவர் சொன்னால் அது இன்றைய சினம் மட்டுமல்ல, பேச்சுப்பறைச்சல் இல்லாத வருடங்களும் அதில் அடங்கும். இதற்கு ஆங்கிலத்தில் 'எஸ்ட்ரேஞ்ட்'. நெருங்கியவர்கள் அந்நியர்போல ஆகிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லும். பிழை யாருடையது என்று சொல்லாது. அதனால்தான் குடும்பக் கடிதங்களுக்கு இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. குறித்த ஒரு நாளில் வாய்த்தர்க்கம் வந்து பிரிந்திருந்தால் 'ஃபாலிங் அவுட்'. மூன்றாம் ஆள் கதை சொல்லிப் பிரித்துவிட்டிருந்தால் 'ஏலியனேட்'.

நயினாதீவுக்காரருக்கு இந்த வேறுபாட்டை விளக்க ஊர்க்கதையே போதும். நாகதீபத்தில் ஒரு மணி ஆசனத்துக்காக மகோதரன், சூளோதரன் என்ற நாக அரசர்கள், மாமனும் மருமகனும், படை திரட்டி நின்றதையும் புத்தர் வந்து அமைதிப்படுத்தியதையும் மகாவம்சம் சொல்கிறது. ஆசனத்துக்காக முறைத்துக்கொண்டபோது அது 'ஃபாலிங் அவுட்'. படை நின்றபோது 'ஃபியூட்', அதாவது குலப்பகை. ஒருவரை ஒருவர் நம்பவைத்து ஏமாற்றவில்லை, ஆகவே 'பிட்ரேயல்' எந்த இடத்திலும் வராது.

படி 3: விட்டுப்போனவர் எதை விட்டுப்போனார்?

அதிகம் பிழைக்கிற இடம் இதுதான், சட்டம் நேரே கைவைக்கிற இடமும் இதுதான்.

'அபாண்டன்' என்றால் இனி வேண்டாம் என்று கைகழுவி விடுவது. ஆளையும் விடலாம், பொருளையும் விடலாம். பறங்கியர், ஒல்லாந்தர் காலத்தில் நெடுந்தீவில் வளர்த்த குதிரைகள் பின்னர் கவனிப்பாரின்றிக் காட்டுக்குதிரைகளாயின. அங்கே இந்தச் சொல் பொருந்தும். 'டெசர்ட்' என்பதில் கடமை இருக்கிறது. காவல் நிலையை விட்டு ஓடும் சிப்பாய், மனைவியை விட்டுப்போகும் கணவன்.

1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மணமுறிவுக்கு மூன்றே காரணங்களை வைத்திருக்கிறது: திருமணத்துக்குப் பிந்திய பிறர்மனை உறவு, 'மலீஷியஸ் டெசர்ஷன்', திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக்குறை. நடுவில் உள்ளது தீய எண்ணத்தோடு கைவிடல். இல்லறத்தை முடிக்கும் எண்ணம் இருந்ததா என்பதே கேள்வி. கட்டாருக்கு உழைக்கப் போய்ப் பணம் அனுப்புகிறவர் கைவிட்டவர் ஆகமாட்டார். அடி தாங்காமல் தாய்வீட்டுக்குப் போன பெண்ணும் கைவிட்டவள் ஆகமாட்டாள். அவளை வெளியேற வைத்தவரே, தன் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே, கைவிட்டவர் என்று சட்டம் கொள்ளும். 'ஷி லெஃப்ட் தி ஹவுஸ்' என்று மட்டும் எழுதி நிறுத்தினால் அவள் வழக்கை நீங்களே கெடுத்துவிடுவீர்கள். ஏன் வெளியேறினாள் என்பதும் அதே வசனத்தில் வரவேண்டும்.

அடுத்தது நம் 'எழுத்து', அதாவது பதிவுத் திருமணம். நிச்சயித்த பெண்ணைக் கைவிடுவதற்கு 'ஜில்ட்' என்ற சொல் உண்டு. ஆனால் இங்கே தாலிக்கு முன்பே எழுத்து நடப்பது வழக்கம். பொன்னுருக்கு நடக்கவில்லை, மணவறை கட்டவில்லை, ஆனால் பதிவு முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்துகொண்டு தொலைபேசி எடுப்பதில்லை. ஊர் அவளை மணமாகாதவளாகப் பார்க்கும், சட்டம் மனைவியாகப் பார்க்கும். இங்கே 'ஜில்ட்' என்று எழுதினால் பதிவுத் திருமணத்தையே மறைத்ததுபோல ஆகிவிடும். எழுத்து நடக்காமல் பேச்சோடு நின்றிருந்தால் அது 'பிரீச் ஆஃப் பிராமிஸ்'. திருமண வாக்கைக் கடிதம்போல எழுதித் தந்திருந்தால்தான் அதற்கு நட்டஈடு கேட்க முடியும்.

காணிக் கடிதங்களில் இன்னொரு கண்ணி. 1990களின் தொடக்கத்தில் வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை வீடுகளை விட்டுப் போனவர்கள் இடம்பெயர்ந்தவர்கள், 'டிஸ்பிளேஸ்ட்'. 'அபாண்டண்ட் ஹவுஸ்' என்று எழுதாதீர்கள். பத்து ஆண்டு தடையின்றி ஆண்டவருக்கு உரிமை கொடுக்கும் ஆட்சிச் சட்டம் இங்கே உண்டு. போரால் உரிமை கோர முடியாதுபோனவர்களுக்காக 2016இல் தனிச் சட்டமும் வந்தது. வீட்டுக்காரரே 'வேண்டாம் என்று விட்டேன்' என்ற பொருளில் எழுதிக் கொடுத்தால் எதிர்த்தரப்பு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும்.

படி 4: படுக்கையறை, பணப்பெட்டி

துணைக்கு உண்மையின்றி நடப்பதற்கு 'இன்ஃபிடெலிட்டி' பொதுச்சொல், 'அடல்ட்டரி' நிரூபிக்க வேண்டிய சட்டச்சொல். பேச்சில் 'சீட்டிங்' என்பார்கள், ஆனால் 1883இன் தண்டனைச் சட்டக்கோவையில் அது 398ஆம் பிரிவு, ஆளை ஏமாற்றிப் பொருள் பறிக்கும் குற்றம். நம்பி ஒப்படைத்த சீட்டுக் காசைத் தின்றவர் 388ஆம் பிரிவுக்காரர். அது 'கிரிமினல் பிரீச் ஆஃப் ட்ரஸ்ட்'.

படி 5: கனத்த சொற்களைக் கடைசிவரை தள்ளிவையுங்கள்

பக்கம் நிற்கவேண்டியவர் நிற்கவில்லை என்றால் 'டிஸ்லாயல்'. நம்பிச் சொன்னதை எதிரியிடம் கொடுத்தால் 'பிட்ரே'. நட்பு முகத்தோடு திட்டமிட்டுச் செய்தால் 'ட்ரெச்சரி', நம் இரண்டகம். 'ட்ரெய்ட்டர்' மட்டும் நீதிமன்றம் தீர்க்காமல் யார்மீதும் எழுதக்கூடாத சொல் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 1975 ஜூலை 27 அன்று, காரைநகர்த் தாம்போதி தொடங்கும் பொன்னாலையில், வரதராஜப் பெருமாள் கோயிலடியில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே அவருக்குத் துரோகிப் பட்டம் சூட்டப்பட்டிருந்தது. அதன் பின் அந்தப் பட்டம் எத்தனை வீடுகளுக்குப் போனது என்பது இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும்.

'டிஸ்அஃபெக்ஷன்' பாசக்குறைவு போலத் தோன்றும். அரசுக்கு எதிரான வெறுப்பைத் தூண்டுவதாகத் தண்டனைச் சட்டக்கோவையின் 120ஆம் பிரிவில் நிற்பது அதுதான். மாமியார் மருமகள் விடயத்தில் அதை எழுதாதீர்கள்.

படி 6: தமிழில் திருப்பி வாசித்துக் காட்டுங்கள்

எழுதி முடித்ததும், ஒவ்வொரு ஆங்கில வசனத்தையும் ஊர்ப் பேச்சில் சொல்லி, 'அம்மா, நீங்கள் சொன்னது இதுதானோ?' என்று கேளுங்கள். 'ஐயோ, நான் அவ்வளவு சொல்லேல்லை' என்றால் ஒரு படி மெல்லிய சொல்லுக்கு இறங்குங்கள். அவர் தலையாட்டிய பிறகு கையெழுத்துக்குக் கொடுங்கள்.