நூறு டிவிடி காப்பி போடுவதற்கு முன்

உத்திரமேரூர் பக்கத்தில் கல்யாணமோ கும்பாபிஷேகமோ முடிந்தால் உறவுக்காரர்களுக்கும் உபயதாரர்களுக்கும் டிவிடி கொடுக்கும் வழக்கம் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. பென் டிரைவ் வந்துவிட்டாலும், பழைய பிளேயரில் போட்டுப் பார்க்கும் பெரியவர்களுக்கு வட்டுதான் வசதி. மொத்தமாகக் காப்பி போடக் கொடுக்கும்போது நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகள் பணத்துக்கும் கேடு, பதிவுக்கும் கேடு.

"நூறு காப்பின்னா கம்பெனியிலதான் அடிக்கணும், அப்பதான் விலை குறையும்" என்பார்கள். கம்பெனியில் நடப்பது வேறு வேலை. கண்ணாடித் தட்டில் மாஸ்டர் எடுத்து, அதிலிருந்து நிக்கல் ஸ்டாம்பர் செய்து, உருகிய பாலிகார்பனேட்டை அச்சில் செலுத்தி, தகவல் குழிகளோடு வட்டையே வார்க்கிறார்கள். மாஸ்டர் செலவு பத்து வட்டுக்கும் பத்தாயிரம் வட்டுக்கும் ஒன்றுதான். மோசர் பேயர் நிறுவனம் 2007 வாக்கில் படங்களின் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றதென்றால், அந்த விலைக்குப் பின்னால் இருந்தது பிரம்மாண்டமான எண்ணிக்கை. ஆயிரம் வட்டு வேண்டுமென்றால் அந்த வழியைப் பாருங்கள். ஐம்பது, நூறுக்கு டூப்ளிகேட்டர் டவர் போதும். பல டிரைவ்களை அடுக்கிய பெட்டி அது; கணினி இல்லாமலே ஒரு மாஸ்டர் வட்டிலிருந்து பல பிளாங்க் வட்டுகளில் ஒரே சமயத்தில் எழுதும்.

"காப்பியிலிருந்து காப்பி எடுத்தால் தெளிவு குறையும்" என்பது கேசட் காலத்து அனுபவம். நாடாவில் அது உண்மை. ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் கூடும். வட்டில் இருப்பவை எண்கள். சரியாகப் படித்து சரியாக எழுதினால் நூறாவது காப்பியும் மாஸ்டரும் ஒன்றே. ஆனால் மாஸ்டரில் கீறல் இருந்தால் அந்தப் பிழை நூறு வீட்டுக்கும் போகும். அதனால் மாஸ்டரை முதலில் சோதித்து, எழுதி முடித்ததும் காப்பியை மாஸ்டரோடு ஒப்பிடும் வெரிஃபை ஓட்டச் சொல்லுங்கள். நேரம் கூடுதலாகும் என்று கடைக்காரர் தயங்கினாலும் விடாதீர்கள். வேகத்தை ஒரேயடியாகக் குறைத்தால் நல்லது என்பதும் சரியில்லை. வட்டின் சாயப் பூச்சு அதில் குறித்த வேகத்துக்கேற்பத் தயாரானது. 16எக்ஸ் டிவிடிக்கு 8எக்ஸ் நல்ல நடுவாந்தரம்.

பளபளக்கும் பக்கத்தை மட்டும் காத்தால் போதாது. சிடியில் தகவல் அடுக்கு லேபிள் பக்கத்தில்தான், மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கிறது. கூரான பேனாவால் பெயர் எழுதினாலே தகவல் கெட்டுப்போகலாம். டிவிடியில் அது இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் லேபிள் பக்கக் கீறல் பயம் குறைவு. ஆனால் மணமக்கள் படத்தை ஸ்டிக்கராக ஒட்டினால் வட்டு வளையும், சுழலும்போது ஆடும். பிரிண்டபிள் வட்டில் படத்தை நேரடியாக அச்சிடச் சொல்லுங்கள்.

"காசு வாங்காமல் கொடுக்கிறோம், சினிமாப் பாட்டு சேர்த்தால் என்ன?" என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கல்யாண ஊர்வலத்திலும் அதையொட்டிய விசேஷத்திலும் பாட்டு ஒலிப்பதற்கு விலக்கு தருகிறது. அதே பாட்டை வட்டில் பதித்து விநியோகிப்பதற்கு அந்த விலக்கு நீளாது. இலவசம் என்பதும் அனுமதி ஆகாது. நாதஸ்வரமும் தவிலும் மண்டபத்தில் வாசித்ததை, வாசித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு சேர்ப்பது எவ்வளவோ அழகு.

வட்டு நூறாண்டு நிற்கும் என்று நம்பி ஒரிஜினல் ஃபைலை அழிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும், வெட்டிய எழுத்தை இன்றும் படிக்கிறோம். எழுதும் வட்டில் இருப்பதோ வெறும் சாயம்; வெயிலும் வெக்கையும் ஈரமும் அதை வெளுக்க வைக்கும். வீடியோகிராபரிடம் டிவிடியோடு ஒரிஜினல் ஃபைலையும் ஹார்ட் டிஸ்கில் கேட்டு வாங்குங்கள். இன்னொரு நகல் வேறொரு வீட்டில் இருக்கட்டும்.