உப்பும் சருக்கரையும்

வாந்திபேதி என்னும் சொல் காதில் விழுந்த அளவில் ஊர் முழுதும் நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. காலரா என மருத்துவ நூல்கள் கூறும் நோய் அதுவே. காலையில் ஏர் பூட்டிச் சென்றவன் மாலையில் பாடை ஏறுவான். அரிசி கழுவிய நீரைப் போன்ற கழிச்சல் இடைவிடாது போகும். நோய் கடுமையாகப் பற்றியவனது உடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறுவதும் உண்டு என மருத்துவர் அளந்து கூறியுள்ளனர். கண்கள் குழியில் ஆழும், விரல் நுனிகள் நெடுநேரம் நீரில் ஊறியவைபோல் திரைந்து சுருங்கும், குரல் அடங்கும், நாடி விரலுக்குப் புலப்படாது.

அந்நிலையிலும் நோயாளி கேட்பது ஒன்றே, அது தண்ணீர். அதனைத்தான் பல வீடுகளில் கொடுக்க மறுத்தனர். எங்கள் ஊரில் பேதி கண்ட குழந்தை ஒன்றின் உதட்டில் ஈரத்துணியைத் தடவி, அதற்குமேல் ஒரு துளியும் கொடாதிருந்ததை என் இளமையில் நான் கண்டிருக்கிறேன். “குடித்தால் இன்னும் போகும்” என்பது முதியோர் கூற்று. அவர்கள் அன்பில் குறைந்தவர் அல்லர். குடித்த நீர் உடலில் தங்காமல் உடனே வெளியேறுவதைக் கண்ணாரக் கண்டவர்கள். அவர்கள் கண்டது மெய். கொண்ட முடிவுதான் பிழை. அப்பிழையைத் திருத்த உலகிற்கு நெடுங்காலம் ஆயிற்று. திருத்தியவர் ஒருவர் அல்லர்; பல நாட்டினர் பலர்.

பேதி என்பது வடசொல். பிளத்தல் என்னும் பொருள் உடைய வேரிலிருந்து பிறந்தது. வியப்பு என்னவெனில், மேனாட்டு மருத்துவர் பலரும் அச்சொல்லின் பொருளுக்கு ஒத்ததொரு கருத்தையே நெடுநாள் கொண்டிருந்தனர். குடலின் உட்சவ்வு கிழிந்து உரிந்துவிடுகிறது. அதனால்தான் உடலின் நீர் ஒழுகுகிறது என்று அவர்கள் எண்ணினர். கிழிந்த பையில் நீர் வார்த்து என்ன பயன்?

செருமானிய அறிஞர் இராபர்ட்டு காக்கு 1884ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஆராய்ந்து, இந்நோய்க்குக் காரணம் வளைந்த வடிவுடைய ஒரு நுண்ணுயிர் என்று நிறுவினார். அது பாழ்பட்ட நீரின் வழியாக வயிற்றினுள் செல்கிறது. ஆனால் உள்ளே சென்று அது என்ன செய்கிறது என்பது, அதற்குப் பின்னரும் எழுபது ஆண்டுகளுக்குமேல் விளங்காமலே இருந்தது. அதனை விளக்கியவர் அதே கல்கத்தா நகரில் பணியாற்றிய சம்புநாத் தே என்பவர். இவர் 1915ஆம் ஆண்டில் ஊக்ளி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் எளிய குடியில் பிறந்தவர். இலண்டன் சென்று பட்டம் பெற்று மீண்டவர்.

அவர் கையாண்ட முறை மிக எளிது. முயல் ஒன்றின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அக்கட்டுகளின் இடையே காலரா நுண்ணுயிரைச் செலுத்தினார். மறுநாள் திறந்து பார்த்தபோது அப்பகுதி நீரால் நிரம்பிப் புடைத்திருந்தது. இது 1953ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தி. அவர் அதனோடு அமையவில்லை. நுண்ணுயிர் வளர்ந்த நீரை வடிகட்டி, உயிரிகள் ஒன்றும் இல்லாத தெளிவை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் புடைத்தது. ஆகவே தீங்கு செய்வது நுண்ணுயிர் உமிழும் நஞ்சு. அது தாக்கும் இடம் குடலே என்பது தெளிவாயிற்று. 1959ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ என்னும் இதழில் வெளியான அக்கட்டுரை இன்று உலகெங்கும் போற்றப்படுகிறது. அன்றோ அதனைக் கவனித்தவர் சிலரே. 1978ஆம் ஆண்டில் நோபல் அறக்கட்டளையினர் காலராவைப் பற்றிக் கூட்டிய கருத்தரங்கிற்கு அவரை அழைத்தனர். அப்போது அவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். 1985ஆம் ஆண்டில் மறைந்தார். தம் நாட்டில் அவர் வாழ்நாளில் பெரும்பரிசு எதுவும் பெற்றாரல்லர் என்பதை எண்ணும்போது நெஞ்சு வருந்துகிறது.

சவ்வு கிழிகிறது என்னும் கொள்கையும் அதே காலத்தில் வீழ்ந்தது. பாங்காக்கு நகரில் காலரா பரவியபோது, மருத்துவர்கள் மெல்லிய குழாய் ஒன்றை விழுங்கச் செய்து, நோயாளியின் குடற்சவ்வில் ஒரு சிறு துணுக்கை எடுத்து ஆடிவழி நோக்கினர். சவ்வு பழுதின்றி இருந்தது! பை கிழியவில்லை, நஞ்சின் ஏவலால் தன் நீரைத் தானே உமிழ்ந்தது.

இனி ஒரு நுட்பம் உண்டு. மாணவர்கள் இதனை ஊன்றிப் படிக்க வேண்டும். குடலின் உட்சுவரை வாயில்கள் பல உடைய மதிலாகக் கொள்க. சில வாயில்களின் வழியே உப்பு தனியே உட்புகும். நஞ்சு அவற்றை அடைத்துவிடுகிறது. வேறொரு வாயில் உண்டு. அதன் காவலன் உப்பைத் தனியே விடான். சருக்கரையைத் தனியே விடான். இரண்டும் கைகோத்து வந்தால் மட்டுமே உள்ளே விடுவான். உப்பும் சருக்கரையும் புகும்போது நீரும் அவற்றைத் தொடர்ந்து புகும். இராபர்ட்டு கிரேன் என்னும் அமெரிக்க அறிஞர் 1960ஆம் ஆண்டில் இவ்வுண்மையை வெளியிட்டார். காலராவின் நஞ்சு இவ்வாயிலைத் தொடுவதில்லை. வெறும் நீர் ஏன் தங்கவில்லை என்பதும், எந்த நீர் தங்கும் என்பதும் இதனால் விளங்கும்.

ஆயினும் அறிந்ததைச் செய்து காட்டல் எளிதாயிற்றில்லை. நரம்பின் வழியே உப்புநீர் ஏற்றுவது ஒன்றே அக்காலத்து நம்பிக்கைக்குரிய மருத்துவம். அது நல்ல மருத்துவமே. ஆனால் தூய்மையாக்கிய நீரும், ஊசியும், பயின்ற கைகளும் வேண்டும். ஆற்றிடைத் தீவில் வாழும் உழவனுக்கு அவை எங்கே கிட்டும்? கல்கத்தாவில் ஏமேந்திரநாத் சட்டர்சி என்பவர் 1953ஆம் ஆண்டிலேயே உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்துப் பயன் கண்டார். முறையான ஒப்பீடு இல்லை என்று மருத்துவ உலகம் அதனைப் புறக்கணித்தது. மணிலாவில் பின்னர் நடந்த ஒரு முயற்சியில் நோயாளிகள் சிலர் இறந்தமையால் ஆராய்வோர் அஞ்சிப் பின்வாங்கினர். 1968ஆம் ஆண்டில் தாக்கா நகரிலிருந்த காலரா ஆராய்ச்சிக் கூடத்தில் டேவிடு நேலின், ரிச்சர்டு கேசு என்னும் இளம் மருத்துவர் இருவர் கணக்கைச் சரி செய்தனர். கழிந்த நீர் எவ்வளவோ அவ்வளவு நீரைக் குடிக்கச் செய்தல் என்பதே அவர்களது முறை. நடுவே துளையிட்ட கட்டிலும், அதன்கீழ் அளவு பொறித்த வாளியும் அவர்களது கருவிகள். நரம்பின் வழி ஏற்ற வேண்டிய நீரின் அளவு பெரிதும் குறைந்தது.

மருத்துவமனையின் காவலுக்குள் இது நடந்தது. வெளியே நடக்குமா என்னும் வினாவிற்கு, ஒரு பெருந்துன்பமே விடை தந்தது.

1971ஆம் ஆண்டில் கிழக்கு வங்கத்தில் போர் மூண்டது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவிற்குள் வந்தனர். மழைக்காலம், மரத்தடியும் குழாய்க்குள்ளும் குடியிருப்பு, குடிக்கும் நீரும் கழிக்கும் நீரும் ஒன்றாயின. காலரா மூண்டது. எல்லைப்புறத்துப் பன்காவ் என்னும் ஊரின் சிறு மருத்துவமனைக்குக் கல்கத்தாவிலிருந்து திலீப் மகலனோபிசு என்னும் மருத்துவர் சென்றார். குழந்தை மருத்துவம் கற்றவர் அவர். அங்கே இரண்டு அறைகள் நிறைந்து வழிந்தன. நோயாளிகள் தரையில் கிடந்தனர். கழிச்சலும் வாந்தியும் பரந்த அத்தரையில் முழந்தாளிட்டே ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. சில நாட்களில் ஏற்றுவதற்குரிய நீரும் தீரும் நிலை வந்தது.

இனிச் செய்வதென்ன? பயின்றோர் இலர், அளவு வாளிகள் இல, முழுதும் ஆராயப்பெறாத ஒரு முறையைப் பல்லாயிரவரிடம் கையாளலாமா? கையாளாவிடில் அவர்கள் இறப்பது உறுதி. மகலனோபிசு துணிந்தார். கல்கத்தாவில் அவர்தம் நிலையத்து நூலகமே மருந்துக்கூடமாயிற்று. லிட்டர் ஒன்றுக்குக் குளுக்கோசு 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், ஆப்பச் சோடா 2.5 கிராம் என நிறுத்துப் பைகளில் இட்டு, வாயைச் சூடான இரும்பால் ஒட்டினர். முகாமில் குழாய் பொருத்திய பீப்பாய்களில் அதனைக் கரைத்து வைத்தனர். தாயரும் உடன்பிறந்தாரும் குவளையில் பிடித்துத் தம்மவர்க்குப் புகட்டினர். ‘வெறும் உப்புச்சருக்கரை நீரா மருந்து?’ என்று முகம் சுளித்தோரும் இருந்தனர். சேலைன் என்றால் ஊசிவழி ஏறும் உயர்ந்த மருந்து என மக்கள் மதித்தமையால், இதனை ‘வாய்வழிச் சேலைன்’ என்று பெயரிட்டு வழங்கினர். பெயரிடுதலும் ஒரு மருத்துவமே போலும்!

எட்டு வாரங்களில் மூவாயிரத்து எழுநூறு பேருக்குமேல் அங்கே மருத்துவம் பெற்றனர். முன்னர் நூற்றுக்கு முப்பதளவில் இறந்துவந்தவர் தொகை 3.6 ஆகக் குறைந்தது. முகாமை நேரில் கண்ட உலக நலவாழ்வு நிறுவனத்து மருத்துவர் தீமான் பருவா இம்முறைக்காக வழக்காடினார். 1978ஆம் ஆண்டில் அந்நிறுவனம் கழிச்சல் நோய்களுக்கென ஓர் உலகளாவிய திட்டத்தைத் தொடங்கியது. மகலனோபிசு 2022ஆம் ஆண்டில் மறைந்தார். மறு ஆண்டு இந்திய அரசு அவர் பெயருக்குப் பத்ம விபூசண் விருது வழங்கியது.

முகாமில் வென்றது வீட்டிற்குள் செல்ல வேண்டுமே. கழிச்சலுக்குக் காரணம் காலரா மட்டும் அன்று. வேறு நுண்ணுயிர்கள் பல உண்டு. எதனால் நேரினும் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பே. வங்கதேசத்துப் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடுவீடாகச் சென்று, ஒரு கோடியே இருபது இலட்சம் வீடுகளில் தாய்மார்க்கு இதனைக் கற்பித்தது. தராசு இல்லாத வீடுகள். ஆகவே மூன்று விரல் நுனியால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்று கையையே அளவாக்கினர். பின்னர் வேறொருவர் வந்து, தாய் கற்ற பத்துச் செய்திகளுள் எத்தனை நினைவில் உள்ளன என வினவுவார். அதற்கேற்பவே கற்பித்தவர்க்கு ஊதியம். ஆசிரியனாய் இருந்த எனக்கு இவ்வேற்பாடு சிறிது அச்சமூட்டுகிறது!

தாய்மார் நன்றாகவே கற்றனர். ஆயினும் பலர் கையாளவில்லை. ஏன் என்று ஆராய்ந்தபோது, கற்பித்தவர்களே அதனை நம்பவில்லை என்பது வெளிப்பட்டது. அவர்களைத் தாக்காவிற்கு அழைத்துச் சென்று அந்நீர் குடலில் செய்யும் வேலையை விளக்கினர். பின்னர் அவர்கள் தாய்மார் முன்னிலையில் தாமே அந்நீரைப் பருகிக் காட்டினர். கடைத்தெருவிலும் பள்ளிவாசலிலும் ஆடவர்க்கும் எடுத்துரைத்தனர். அதன்பின்னரே பழக்கம் வேரூன்றியது.

நம் பாட்டிமார் காய்ச்சிய உப்பிட்ட கஞ்சிக்கும் இதில் இடம் உண்டு. அரிசிமாவால் ஆக்கிய நீர் காலராவில் கழிச்சலைக் குறைக்கிறது என்று தாக்கா ஆய்வாளர் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டனர். மாவுப்பொருள் குடலில் சருக்கரையாக மாறுவதே காரணம். இன்று நாம் வாங்கும் உறையில் உப்பு, குளுக்கோசு ஆகியவற்றின் அளவு 2002ஆம் ஆண்டு முதல் குறைக்கப்பட்டுள்ளது. லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம். இவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டு உப்பும் சேரும். குழந்தைக்குத் துத்தநாக மாத்திரையும் பத்து முதல் பதினான்கு நாள் வரை கொடுப்பர். இத்தனை இருந்தும் ஆண்டுதோறும் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் நான்கு இலட்சத்திற்குமேல் கழிச்சல் நோயால் இறக்கின்றனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு.

1992ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் காலரா நோயாளிகள் சிலரிடம் கண்ட நுண்ணுயிர், அதுவரை அறிந்த வகை எதனோடும் பொருந்தவில்லை. சில திங்களில் அது கல்கத்தாவிற்கும் வங்கதேசத்திற்கும் பரவியது. ஓ139 என்பது அதன் எண். முதலில் கண்டது சென்னையிலாயினும் ‘வங்கம்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. பழைய நோய் கண்டு தேறியவரையும் இது தாக்கிற்று. ஆயினும் அது உமிழ்ந்த நஞ்சு பழைய நஞ்சே. மதிலின் அந்த ஒரு வாயில் அப்போதும் திறந்தே இருந்தது. அதே உப்புச்சருக்கரை நீரைக் குடித்தே மக்கள் பிழைத்தனர்.