மகிழுந்தும் விண்மீன் மதிப்பும்

நுழையும்முன்

ஒருவரை ஆராய்ந்து அறிந்த பின்னரே நம்ப வேண்டும் என்பதைத் திருக்குறள் ‘தெரிந்துதெளிதல்’ என்னும் அதிகாரத்தில் விளக்குகிறது. உயிரை நம்பி ஒப்படைக்கும் ஊர்திக்கும் அது பொருந்தும். புதிய மகிழுந்துகளின் பாதுகாப்பு எவ்வாறு ஆராயப்படுகிறது, அம்முடிவை எவ்வாறு படித்துணர வேண்டும் என்பவற்றை இப்பாடம் கூறுகிறது.

ஓட்டிப் பார்த்தும் அறிய முடியாதது

புதிய மகிழுந்து வாங்கச் செல்லும் குடும்பத்தினர் பலவற்றைத் தாமே பார்த்து அறிந்துகொள்வர். இருக்கை வசதியாக உள்ளதா, பெட்டிகள் வைக்க இடம் உண்டா, விலை கட்டுப்படியாகுமா என்பனவற்றை விற்பனையகத்திலேயே அறியலாம். சிறிது தொலைவு ஓட்டிப் பார்த்தால் வண்டியின் இயக்கமும் ஓரளவு புலப்படும். ஆனால், விபத்து நேர்ந்தால் அவ்வண்டி தம்மைக் காக்குமா என்பதை எவராலும் ஓட்டிப் பார்த்து அறிய இயலாது. அதை அறிய வண்டியை மோதித்தான் பார்க்க வேண்டும். வாங்குவோரால் செய்ய இயலாத அவ்வேலையை அவர்களுக்காகச் செய்வதே மோதல் ஆய்வு. அதன் முடிவு விண்மீன்களின் எண்ணிக்கையாக அறிவிக்கப்படுகிறது. ஐந்து விண்மீன் என்பது மிக உயர்ந்த மதிப்பு.

தில்லியில் வெளியான முடிவு

2014ஆம் ஆண்டு சனவரி இறுதியில், குளோபல் என்.சி.ஏ.பி. என்னும் பன்னாட்டு அமைப்பு தில்லியில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. இந்தியாவில் விற்பனையான ஆல்டோ 800, ஐ10, நானோ, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்து மகிழுந்துகளை அது ஆராய்ந்திருந்தது. அவை அனைத்தும் அந்தந்த வகையில் காற்றுப்பை இல்லாத அடிப்படை வடிவங்கள். பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அவற்றுள் ஒன்றுகூட ஒரு விண்மீனும் பெறவில்லை.

மதிப்பு ஒன்றாக இருந்தாலும் காரணம் ஒன்றாக இல்லை. ஆல்டோ, ஐ10, நானோ ஆகியவற்றின் உடற்கூடு மோதலைத் தாங்கவில்லை. ஃபிகோ, போலோ ஆகியவற்றின் கூடு உறுதியாக நின்றது; எனினும், காற்றுப்பை இல்லாததால் உள்ளிருப்போருக்குப் போதிய காப்பு கிட்டவில்லை. இரண்டு காற்றுப்பைகள் பொருத்திய போலோவை ஆராய்ந்தபோது அது நான்கு விண்மீன் பெற்றது. அதன் பின்னர், காற்றுப்பை இல்லாத போலோவின் விற்பனையை அந்நிறுவனம் இந்தியாவில் நிறுத்தியது. 2018ஆம் ஆண்டு திசம்பரில், நெக்ஸான் என்னும் இந்திய மகிழுந்து ஐந்து விண்மீன் பெற்றது. 2019ஆம் ஆண்டு சூலை முதல் ஓட்டுநருக்கான காற்றுப்பை சட்டப்படி கட்டாயமாயிற்று.

ஆய்வுக்கூடத்தில்

மோதல் ஆய்வில் மனித உருவப் பொம்மைகள் இருக்கைப் பட்டை அணிவித்து வண்டியில் அமர்த்தப்படுகின்றன. அவற்றின் தலை, கழுத்து, மார்பு, கால் ஆகிய பகுதிகளில் உணரிகள் உள்ளன. முன்மோதலில் வண்டி மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் இழுத்துவரப்பட்டு, தேன்கூடு போன்ற அறைகளைக் கொண்ட அலுமினியத் தடுப்பின்மீது மோதுகிறது. வண்டியின் முகப்பு முழுவதும் மோதுவதில்லை; ஓட்டுநர் பக்கத்தில் 40 விழுக்காடு மட்டுமே மோதுகிறது. எதிரெதிரே வரும் இரு வண்டிகள் முழுமையாக விலக இயலாமல் மோதிக்கொள்வதை இது ஒத்திருக்கும். பக்கவாட்டு மோதலில், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் தடுப்பு வண்டியின் பக்கத்தில் மோதுகிறது. அதிவேக ஒளிப்படக் கருவிகள் இவற்றைப் பதிவு செய்கின்றன. ஒவ்வோர் உறுப்பும் தாங்கிய விசையை உணரிகள் தெரிவிக்க, அதற்கேற்பப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன.

இத்தகைய ஆய்வுக்கூடங்கள் தில்லிக்கு அருகில் மானேசரிலும் சென்னைக்கு அருகில் ஒரகடத்திலும் உள்ளன.

நம் நாட்டின் திட்டம்

பாரத் என்.சி.ஏ.பி. என்னும் இந்தியத் திட்டம் 2023ஆம் ஆண்டு ஆகத்து 22ஆம் நாள் தில்லியில் தொடங்கிவைக்கப்பட்டு, அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பெரியவர் பாதுகாப்புக்கு 32 புள்ளிகளும் குழந்தைகள் பாதுகாப்புக்கு 49 புள்ளிகளும் இதில் உண்டு. ஐந்து விண்மீன் பெற முறையே 27 புள்ளிகளும் 41 புள்ளிகளும் வேண்டும்.

விண்மீனைப் படிக்கும் முறை

விண்மீனை எண்ணினால் மட்டும் போதாது. நான்கு செய்திகளையும் நோக்க வேண்டும்.

முதலாவது, இத்திட்டத்தில் பங்கேற்பது நிறுவனங்களின் விருப்பம். ‘விண்மீன் பெறவில்லை’ என்பதும் ‘இன்னும் ஆராயப்படவில்லை’ என்பதும் வேறு வேறு.

இரண்டாவது, பெரியவருக்கும் குழந்தைக்கும் தனித்தனி மதிப்பு உண்டு. குழந்தைகள் உள்ள குடும்பம் இரண்டையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஆய்வு நடந்த ஆண்டு இன்றியமையாதது. குளோபல் என்.சி.ஏ.பி. 2022இல் தன் விதிகளைக் கடுமையாக்கியது. எனவே, பழைய ஐந்து விண்மீனும் புதிய ஐந்து விண்மீனும் சமமல்ல.

நான்காவது, ஆய்வில் பொம்மைகள் பட்டை அணிந்திருந்தன. பின்னிருக்கையில் பட்டை அணியாமல் அமர்பவருக்கு, வண்டி பெற்ற விண்மீன் துணைநிற்காது. 14 வயது நிறையாதோர் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றிப் பயணம் செய்தால் 1000 ரூபாய் தண்டம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

நல்ல வண்டியைத் தேர்ந்தெடுப்பது வாங்குவோர் கடமை; அதில் பட்டை அணிந்து அமர்வது பயணம் செய்யும் ஒவ்வொருவரின் கடமை.

சொல்லும் பொருளும்

மகிழுந்து – கார்
உணரி – விசை முதலியவற்றை அறிந்து தெரிவிக்கும் கருவி
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு
தண்டம் – அபராதம்

மதிப்பீடு

அ) சரியா, தவறா எனக் குறிப்பிடுக.
1. 2014இல் ஆராயப்பட்ட ஐந்து வண்டிகளிலும் காற்றுப்பை இல்லை.
2. முன்மோதலில் வண்டியின் முகப்பு முழுவதும் தடுப்பின்மீது மோதும்.

ஆ) பிரித்து எழுதுக.
1. காற்றுப்பை 2. உடற்கூடு 3. அவ்வேலை

இ) ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. பாதுகாப்பை ஓட்டிப் பார்த்து அறிய இயலாதது ஏன்?
2. போலோ முதலில் விண்மீன் பெறாமல், பின்னர் நான்கு விண்மீன் பெற்றது எவ்வாறு?

ஈ) விரிவாக விடை தருக.
‘விண்மீன் பெறாத வண்டி’, ‘ஆராயப்படாத வண்டி’ – இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குவோர் ஏன் அறிந்திருக்க வேண்டும்?

உ) செயல்பாடு
வாடகை வண்டியில் ஊருக்குப் புறப்படும் ஒரு குடும்பத்தில், பின்னிருக்கையில் பட்டை தேவையில்லை என்று பெரியப்பா கூறுகிறார். அவருக்கு மரியாதையுடன் எடுத்துரைக்கும் வகையில் ஓர் உரையாடல் எழுதுக.