நாய்க்கடியும் நாயின் இனமும்: நாம் அறிய வேண்டியவை

நாய்க்கடியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா என்பதே. உடன் வந்தவர்கள் முதலில் சொல்வதோ பெரும்பாலும் நாயைப் பற்றியதாக இருக்கும். "தெருநாய் இல்லீங்க, பக்கத்து வீட்டு நாய்தானுங்க" என்பார் ஒருவர். "சின்னக் குட்டிதானுங்க, விளையாட்டுக்குக் கவ்வுச்சு" என்பார் மற்றொருவர். இவ்விரு சொற்களிலும் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: ஆபத்து என்பது நாயின் தோற்றத்தில் தெரியும் என்பது அந்த நம்பிக்கை. அது பாதி உண்மை. மறுபாதி உயிருக்கே கேடானது. எனவே இவ்விதழில் அதனைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

இனத்தைத் தடைசெய்யும் வாதம்

2024 மார்ச் 12 அன்று, மத்திய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. பிட்புல் டெரியர், டோசா இனு, ராட்வைலர் உள்ளிட்ட 23 இன நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடைசெய்யுமாறும், ஏற்கெனவே வளர்க்கப்படுபவற்றுக்குக் கருத்தடை செய்யுமாறும் அது கூறியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றமும் தில்லி உயர் நீதிமன்றமும் அதனை ரத்து செய்தன. தொடர்புடைய தரப்பினரின் கருத்தைக் கேளாமல் முடிவெடுத்தது அதன் முதன்மையான குறையாகக் காணப்பட்டது.

வழக்கு முடிந்தாலும் கேள்வி முடியவில்லை. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில், மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. 2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் கடித்து ஒருவர் உயிரிழந்தார். அவ்வாண்டு டிசம்பரில் சென்னை மாநகராட்சி இவ்விரு இனங்களையும் புதிதாக வளர்க்கத் தடை விதித்தது.

தடையை வேண்டுவோரின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எல்லா நாயும் கடிக்கக்கூடும். ஆனால் எல்லாக் கடியும் ஒன்றல்ல. வலிய தாடையும் பெரிய உடலும் கொண்ட நாய் கவ்வினால் தசை கிழிகிறது, எலும்பு முறிகிறது. குழந்தையின் உயரத்துக்கு அக்கடி முகத்திலும் கழுத்திலும் விழுகிறது. அத்தகைய காயத்தைத் தைத்து ஒட்டுப்போடும் அறுவை மருத்துவர் எவரும் இனம் ஒரு பொருட்டே அன்று எனக் கூறமாட்டார்.

தடையை மறுப்போரின் வாதமும் வலுவானதே. கலப்பின நாயின் இனத்தைக் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்வது கடினம். நாயின் குணத்தை வளர்ப்பு முறை, சங்கிலியில் கட்டியே வைத்தல், பயிற்சியின்மை, பசி, அச்சம், நோய் ஆகியவையும் உருவாக்குகின்றன. நெதர்லாந்து 1993-இல் பிட்புல் வகை நாய்களைத் தடைசெய்தது. கடிகள் குறையாததால் 2008-இல் தடையை விலக்கிக்கொண்டது. பிரிட்டனோ 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நான்கு வகை நாய்களைத் தடைசெய்து, பின்னர் எக்ஸ்எல் புல்லி என்னும் ஐந்தாம் வகையையும் சேர்த்தது. ஒரே கேள்விக்கு இரு நாடுகள் இரு விடைகளைக் கண்டுள்ளன.

இரண்டு ஆபத்துகள்

இவ்விவாதத்தில் கலந்துவிடும் இரண்டு ஆபத்துகளைப் பிரித்துப் பார்த்தல் நலம். முதலாவது, காயத்தின் கடுமை. அதில் நாயின் உருவத்துக்கும் வலிமைக்கும் பங்குண்டு. இரண்டாவது, ரேபீஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய். அதில் இனத்துக்கு எப்பங்கும் இல்லை. நோயுற்ற நாயின் உமிழ்நீரில் உள்ள வைரஸ், காயத்தின் வழியே நரம்பைப் பற்றி மூளையை நோக்கிப் பயணம் செய்கிறது. அறிகுறி தோன்றப் பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று மாதங்கள் ஆகும். சில நாட்களிலோ ஓராண்டு கழித்தோ தோன்றுவதும் உண்டு. தோன்றிய பின் காப்பாற்றும் மருந்து ஏறத்தாழ இல்லை என்றே கொள்ள வேண்டும்.

2024-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் ஏறத்தாழ 4.8 லட்சம். அவற்றுள் பட்டியலிடப்பட்ட வெளிநாட்டு இனங்களின் பங்கு மிகச் சிறிதாகவே இருக்கக்கூடும். நம் தெருக்களிலும் தோட்டங்களிலும் மிகுதியாக இருப்பவை நாட்டு நாய்களும் கலப்பின நாய்களுமே. நம் கொங்கு மண்ணில் தோட்டத்துச் சாளைக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நாயே காவல். அதே பகுதியில், காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கங்களில், கூட்டமாகத் திரியும் நாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கொன்றதற்கு இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடியதையும் கண்டோம். காக்கும் நாயும் தாக்கும் நாயும் இங்கே ஒரே நாட்டினம்தான். ஒன்றுக்கு உரிமையாளரும் உணவும் தடுப்பூசியும் உள்ளன. மற்றொன்றுக்கு அவை இல்லை.

கடிபட்டவுடன் செய்ய வேண்டியவை

குழாய் நீரைத் திறந்துவிட்டு, சோப்பினால் காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். இந்த எளிய செயல் வைரஸின் அளவைப் பெரிதும் குறைக்கிறது. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், மஞ்சள் எதையும் வைக்க வேண்டா. காயத்தை இறுகக் கட்ட வேண்டா. பச்சிலையையும் மந்திரிப்பையும் நம்பி ஒரு நாளையும் இழக்க வேண்டா.

பின்னர் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். தடுப்பூசி அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகக் கிடைக்கிறது. தோலினுள் செலுத்தும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி போடப்படும். முதல் ஊசி போடும் நாளே 0 ஆகும். தசையில் செலுத்தும் முறையில் 14-ஆம் நாளும் சேரும். இரத்தம் வரும்படி கடித்திருந்தாலோ, ஏற்கெனவே உள்ள புண்ணை நாய் நக்கியிருந்தாலோ, ரேபீஸ் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பொருள் மருந்தைக் காயத்தைச் சுற்றிலும் செலுத்த வேண்டும். தடுப்பூசியால் உடல் தன் எதிர்ப்பாற்றலை உருவாக்கும்வரை அம்மருந்தே காவல். இரத்தம் வராத சிறு கீறலுக்கும் தடுப்பூசி தேவை.

கடித்தது வளர்ப்பு நாயாக இருந்தால், அது நலமாக உள்ளதா எனப் பத்து நாள் கவனியுங்கள். ஆனால் அந்தப் பத்து நாளும் ஊசிக்காகக் காத்திருக்கும் நாட்கள் அல்ல. ஊசியைத் தொடங்கிவிட்டே கவனிக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: "நாய் கீறினாலும் கடித்தாலும் வந்து சொல், திட்டமாட்டேன்." திட்டுக்கு அஞ்சி மறைக்கப்பட்ட சிறு கீறலே எங்களை மிகவும் அஞ்ச வைப்பது.

ஒரு காலத்தில் இந்தச் சிகிச்சைக்காகத் தென்னாட்டினர் இமயமலை அடிவாரத்துக் கசௌலி வரை செல்ல வேண்டியிருந்தது. 1907-இல் நமக்கு அருகிலேயே குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தோன்றிய பின் அந்நெடும்பயணம் தேவையற்றதாயிற்று. இன்று மருந்து அடுத்த ஊரிலேயே உள்ளது. இனி ஓர் உயிர் போனால், அது பெரும்பாலும் தூரத்தால் அன்று, தாமதத்தால்தான்.

நாய் வளர்ப்போர் கடமை

எந்த இனத்துக்குத் தடை வந்தாலும் வராவிட்டாலும் ஒரு சட்டம் முன்பே நடைமுறையில் உள்ளது. தன் விலங்கால் மனிதருக்கு ஆபத்து நேராதவாறு காக்கத் தவறும் உரிமையாளருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. அச்சட்டம் நாயின் இனத்தைக் கேட்பதில்லை; உரிமையாளரின் கவனத்தையே கேட்கிறது. ஆண்டுதோறும் தடுப்பூசி, கருத்தடை, வெளியில் அழைத்துச் செல்லும்போது கழுத்துப்பட்டையும் கயிறும், பெரிய நாய்க்கு வாய்க்கூடு, சிறு குழந்தையோடு நாயைத் தனியே விடாமை ஆகியவை ராட்வைலருக்கும் பொருந்தும். தோட்டத்து நாட்டு நாய்க்கும் பொருந்தும்.

எந்த இனத்தை வளர்க்கலாம் என்பதை அரசும் நீதிமன்றங்களும் தீர்மானிக்கட்டும். கடிபட்ட அந்த முதல் மணி நேரம் மட்டும் உங்கள் கையில் உள்ளது. அப்போது நாயின் இனத்தை ஆராய வேண்டா. முதலில் காயத்தைக் கழுவுங்கள்.